ஒறம்பரைக்கு வைத்த துளசி

வடகரப்பதிப் பக்கம் ஒரு வீட்டில் பெண்ணாள் இல்லை என்று கண்டுபிடிக்க உள்ளே போக வேண்டியதில்லை. வாசல் கூட்டியிருக்கும், தண்ணீர் தெளித்திருக்காது. கொடியில் வேட்டி, துண்டு, பனியன், மறுபடியும் வேட்டி. செருப்பெல்லாம் ஒரே அளவில் பெரிதாகக் கிடக்கும். சாமி படத்துக்குப் போட்ட மாலை, போட்டவனே மறந்துபோகும் அளவுக்குக் காய்ந்திருக்கும்.

கந்தப்பனின் சாளை அப்படித்தான் இருந்தது. தோட்டத்துக்கு நடுவே இருக்கிற ஓட்டு வீட்டை அங்கே சாளை என்பார்கள். சுற்றிலும் தென்னை, ஒரு ஓரமாகத் தக்காளி, இரண்டு எருமை. உள்ளே இரண்டு ஆண்கள். கந்தப்பனுக்கு எழுபது தாண்டி, இரண்டு கண்ணிலும் புரை. மகன் அருள்குமாருக்கு முப்பத்தொன்பது. வீட்டுக்காரி நாச்சம்மாள் கண்ணை மூடிய பிறகு அப்பனும் மகனும் பேசிக்கொண்டதை ஒரு பீடிக்கட்டு அட்டையில் எழுதிவிடலாம்.

"மோட்டாரு போட்டாச்சா?"

"போட்டாச்சுங்கப்பா."

"தின்னயா?"

"ஆச்சுங்கப்பா."

இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு வருஷக் கணக்காகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போடவும் ஐந்தாவது வரி வேண்டுமே.

அருளுக்குப் பொண்ணு தேட ஆரம்பித்தபோது நாச்சம்மாள் உயிரோடு இருந்தாள். பொண்ணு டிகிரி முடித்திருக்க வேண்டும், பத்துப் பொருத்தமும் வேண்டும், நிறமாக இருக்க வேண்டும், எருமைக்குப் பயப்படக் கூடாது என்றாள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு நிபந்தனையாக உதிர்ந்தது, தென்னையில் மட்டை உதிர்வது மாதிரி. கடைசியில் மரம் மட்டும் நின்றது. அவனிடம் குற்றம் ஒன்றுமில்லை. குடியில்லை, கடனில்லை. ஊர்தான் கொஞ்சம் இசகுபிசகு. கோயமுத்தூர்க்காரர்கள் அதைக் கேரளா என்றார்கள். பாலக்காட்டுக்காரர்கள் அதைத் தமிழ்நாடு என்றார்கள். பொண்ணு கொடுப்பதற்கு இரண்டு பேருக்குமே தூரமாகப்பட்டது.

அந்த வருஷம் ஆடியில் தரகர் கருப்புசாமி வந்தார். ஆடியில் கல்யாணப் பேச்சு கிடையாது என்பதால் தரகர்களுக்கு அது புத்தி சொல்லும் மாசம். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்தார்.

"ஏனுங்க கந்தப்பண்ணா, போன தடவ வந்த ஒறம்பரை என்ன சொல்லிச்சு தெரியுங்களா?"

ஒறம்பரை என்றால் விருந்தாளி. சொந்தமாகப் போகிறவர்களும், சொந்தமாகாமலே போகிறவர்களும் அதில் சேர்த்தி.

"என்ன சொல்லிச்சு?"

"ஊடு ஊடாட்ட இல்ல, மோட்டாரு ரூமாட்ட இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க."

"மோட்டாரு ரூமு நல்லாத்தானய்யா இருக்குது," என்றார் கந்தப்பன். "போன வருசந்தான் ஓடு மாத்துனோம்."

"அதில்லீங்க. வர்றது பூராம் பொம்பளைக. அவியளுக்கு இங்க ஒருத்தி பொழங்குனாப்பல ஒரு அடையாளம் வேணும். எச்சா ஒன்னும் வேண்டாம். ஒரு துளசி. துளசி தளதளன்னு நின்னா அந்த ஊட்டுல சுத்தபத்தம் இருக்குது, சண்ட சச்சரவு இல்லைன்னு அவியளே நெனைச்சுக்குவாங்க. மலையாளத்தாரப் பாருங்க, ஊட்டுக்குக் கதவு இல்லாட்டியும் வாசல்ல துளசித்தறைன்னு ஒரு மாடம் இருக்கும்."

தூணோரம் நின்றிருந்த அருள் கேட்டான். "எத்தனை செடி வேணுமுங்க?"

"எத்தனையா? ஒன்னு போதும் மாப்ளே."

"ஒன்னு வெச்சுப் புடிக்காமப் போச்சுன்னா? ஒரு பாத்தியா வெச்சர்லாமுங்க."

தப்பு நடந்தது அந்த இடத்தில்தான். அப்போது யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, தரகருக்கு மோர்தான் முக்கியமாக இருந்தது.

மறுநாளே பெருமாள் கோயில் துளசியில் காய்ந்த கதிராகப் பார்த்து உருவிக்கொண்டு வந்தான். உள்ளங்கையில் கசக்கி ஊதினால் விதை, கடுகில் பாதிகூட இல்லை. மணலோடு கலந்து தட்டில் தூவி, முளைத்து நாலு இலை விட்டதும் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் பாத்தி பிடித்து நட்டான். இடம் மிஞ்சியதால் ஓரத்தில் புதினாவும் கொத்தமல்லியும் கற்பூரவல்லியும் போட்டான். தக்காளிக்குப் போகிற சொட்டுநீர்க் குழாயில் ஒரு கிளை எடுத்துவிட்டான். தக்காளிக்குக் கரைத்துவிடுகிற உரம் துளசிக்கும் போனது. கோழி எரு போட்டான், புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினான், வேப்பெண்ணெய் அடித்தான். பூக்கதிர் தலைகாட்டினால் அன்றைக்கே கிள்ளினான். பயிர் என்றால் பயிர்தான், அதில் சாமிப் பயிர் ஆசாமிப் பயிர் என்று அவன் பேதம் பார்க்கவில்லை.

துளசியும் நன்றி கெட்டதில்லை. ஐப்பசியில் இடுப்புயரம் வந்தது. ஒவ்வொரு இலையும் கொழுந்து வெற்றிலை மாதிரி. தோட்ட வேலைக்கு வருகிற பெரியம்மாள், களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஏஞ்சாமி, இது துளசியா, பொகையிலையா?"

"துளசிதானுங்கக்கா."

"பெருமாளுக்கு மாலை கட்டுனா நாலெல மேல தாங்க மாட்டாரு."

அருள் சிரித்தான். அவன் சிரித்து பெரியம்மாள் பார்த்தது அபூர்வம் என்பதால் மறுநாளும் அதையே சொன்னாள்.

சாயங்காலம் மோட்டார் நின்ற பிறகு அவன் பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார ஆரம்பித்தான். செய்வதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தாலும் உட்கார்ந்தான். கந்தப்பனும் கட்டிலிலிருந்து கேட்டார்.

"துளசி எப்புடி இருக்குது?"

"நல்லாருக்குதுங்கப்பா."

ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும் அந்த வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

அதை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. பண்ணையக்காரன் பயிரைக் கண்ணால் பார்ப்பான், கையால் பார்ப்பான். மூக்கால் பார்க்கிற பழக்கம் எருக்குழியோடு சரி.

கார்த்திகைக் கடைசியில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு இடம் அமைந்தது. யோகப்பிரியா. முப்பத்து மூன்று வயது, ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. ஒரு தரம் கல்யாணமாகி, ஒத்துவராமல், கோர்ட்டில் முறையாகத் தீர்த்துக்கொண்டு வந்தவள். அப்பா இல்லை. அத்தை ஆனந்திதான் முன்னே நின்று பேசுகிறவள். வழக்கமாக ஊடு பார்க்கப் பெரியவர்கள்தான் வருவார்கள், பொண்ணு வராது. இந்தப் பொண்ணு தானும் வருவேன் என்று சொல்லியிருந்தது.

"அது நல்லதுங்களா கெட்டதுங்களா?" என்று அருள் போனில் கேட்டான்.

"மாப்ளே, இந்த வயசுல நல்லது கெட்டதெல்லாம் பாக்கப்படாது," என்றார் கருப்புசாமி. "ஒன்னே ஒன்னு பாத்துக்க. அவிய கை நனைக்கோணும். நனைச்சுட்டாங்கன்னா மார்கழி போயி தையில முகூர்த்தம்."

கை நனைப்பது என்றால் அந்த வீட்டுச் சோற்றைத் தின்பது. சம்மதம் இருந்தால் இலையில் உட்காருவார்கள். இல்லாவிட்டால் தண்ணீர் சொம்பைக்கூடத் தொடாமல், வாசலில் நின்றபடி வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் வெயிலைப் பற்றி நன்றாகவே பேசியிருந்தார்கள்.

அன்றைக்குப் பெரியம்மாள் விடியும்போதே வந்து கோலம் போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, வடை, பாயசம். தரகர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கொடியில் ஒரு சீலை தொங்கினால் நன்றாயிருக்கும் என்றார். பெரியம்மாள் வீட்டுக்குப் போய்த் தன்னுடைய மாம்பழக் கலர்ச் சீலையைக் கொண்டுவந்து காயப்போட்டாள். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது.

இரண்டு காரில் வந்தார்கள். ஆனந்தி இறங்கியதும் முதலில் வானத்தைப் பார்த்தாள், அப்புறம் கூரை ஓடுகளைப் பார்த்தாள், அப்புறம் கோலத்தை.  அடுப்படி ஓரமாக வந்தவள் பாத்தியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஆத்தாடி. இத்தாச்சோடு துளசிய நாம் பாத்ததே இல்லீங்."

கருப்புசாமி அருளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

ஆனந்தி செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, ஓர் இலையைக் கிள்ளி மூக்கில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். இலையைக் கசக்கி மறுபடி வைத்தாள்.

"ஏனுங்க. இது துளசிதானுங்களா?"

"துளசிதானுங்க," என்றான் அருள்.

"வாசமே காணமே."

கூட வந்த பெண்கள் ஆளுக்கொன்று கிள்ளினார்கள். கொஞ்ச நேரம் அந்த வாசலில் மூச்சிழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒருத்தி வேலிமசால் மாதிரி இருக்கிறது என்றாள், எருமைக்குப் போடுகிற தழை. இன்னொருத்தி தனக்குச் சளி, அதனால் தன்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றாள்.

"கொஞ்சம் கிட்டப் புடிச்சுப் பாருங்க," என்றார் கந்தப்பன் கட்டிலிலிருந்து.

"மூக்குக்குள்ளதானுங்க வெச்சிருக்குறோம்."

"மழக்காலத்துல வாசம் கம்மியாத்தான் இருக்கும்," என்றார் கருப்புசாமி.

ஆனந்தி அவரைப் பார்த்தாள். "இங்க எப்பங்க மழ பேஞ்சுது?"

 தரகர் போய்ப் பாயசத்துக்கு முந்திரி போட்டாயிற்றா என்று விசாரித்தார்.

பெரியவர்கள் கிணற்றைப் பார்க்கப் போனார்கள். யோகப்பிரியா போகவில்லை. பாத்தி முன்னால் நின்றிருந்தாள். அருள் நாலடி தள்ளி நின்றான். கிட்டப் போகலாமா என்று தெரியவில்லை, விலகிப் போனால் மரியாதையா என்றும் தெரியவில்லை.

"இது ஆரு வெச்சதுங்க?"

"நாந்தானுங்க."

"சாமி கும்பிடறதுக்குங்களா?"

"இல்லீங்க."

"கசாயத்துக்கா?"

"இல்லீங்க." கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லலாம்தான், ஆனால் அவனுக்குப் பொய் உடனே வராது. வந்து சேர்வதற்குள் உண்மை வெளியே வந்துவிடும். "ஒறம்பரைக்குங்க."

"எங்குளுக்கா?"

"ஆமாங்க. பொம்பளையாளு இருக்கற ஊடாட்டத் தெரியோணும்னு தரகரு சொன்னாருங்க."

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"அப்ப கோலம்?"

"அது பெரியம்மாக்கா போட்டதுங்க."

"கொடியில சீலை?"

அருள் கொடியைப் பார்த்தான். "அதுவும் அவங்குளுதுதானுங்க."

அவள் சிரித்துவிட்டாள். பல்லு தெரியாத சிரிப்புதான், சத்தமும் பெரிதில்லை. ஆனால் எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. அதற்கு அந்தச் சத்தம் பழக்கமில்லை.

"இங்க உங்குளுது எதுங்க?"

"தென்னங்காடுங்க. தக்காளிங்க." நிறுத்தினான். "அப்பறம் இந்தத் துளசி. இது நானே வெச்சு வளத்துனதுதானுங்க. அதுல பொய்யில்லீங்க."

"எத்தன ஒரம் போட்டீங்க?"

"தக்காளிக்குப் போட்டதேதானுங்க."

"எங்கூட்டுக்குப் பின்னால பொடக்காளியில ஒன்னு நிக்குது. ஆரும் திரும்பிப் பாக்கறதில்ல. பாத்தரம் கழுவற தண்ணியில மிச்சம் போனாச் சரி. பக்கத்துல சீலை ஒரசுனாலே அன்னிக்குப் பூராம் வாசமடிக்கும்." இலை ஒன்றை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள். "மொதத் தடவ என்னக் கட்டிக்குடுத்தப்ப நான் ஊடு பாக்கப் போகலீங்க. பாத்தவங்க சொன்னாங்க, எல்லாமே நல்லா வாசமா இருந்துச்சுன்னு."

அருள் அடுப்படிப் பக்கம் பார்த்தான். "வட இருக்குதுங்க," என்றான்.

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கிணற்றுப் பக்கமிருந்து அத்தை குரல் வந்தது.

"அம்முணி, பொறப்படு. பொழுதாகுது."

பொழுது ஒன்றும் ஆகவில்லை. வெயில் உச்சியில்தான் இருந்தது. கருப்புசாமி இலை போட்டாச்சு, இலை போட்டாச்சு என்று கையைப் பிசைந்தார். ஆனந்தி வாசலில் நின்றபடி, கார்த்திகையிலேயே என்ன வெயில், என்றாள். ஆமாங்க, இந்த வருசம் எச்சுதானுங்க, என்றார் கந்தப்பன். அவருக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். மார்கழி போகட்டும், தை பொறந்தா தாக்கல் சொல்றோம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள். யோகப்பிரியா கடைசியாக ஏறினாள். கதவைச் சாத்திய பிறகு ஒரு தரம் பாத்தியைப் பார்த்தாள், அல்லது பாத்திக்கு அந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்தாள். கார்க் கண்ணாடி கறுப்பு, சரியாகச் சொல்ல முடியாது.

போட்ட இலைகளில் இரண்டில் மட்டும் சோறு விழுந்தது. அன்று மத்தியானமும் ராத்திரியும் மறுநாள் காலையும் அப்பனும் மகனும் வடை தின்றார்கள்.

பெரியம்மாள் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, சீலையை உருவி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். கொடி பழையபடி ஆனது.

மார்கழி முழுக்க அருள் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். வழக்கமாக அதை மோட்டார் ரூமில் ஆணியில் தொங்கவிடுவான். துளசிக்குத் தண்ணீரும் உரமும் தவறாமல் போயின. ஒரு நாள் இரண்டு பங்கு உரம் விட்டான், வாசம் அதில்தான் குறைகிறதோ என்று. இன்னும் பெரிதாக வளர்ந்தது. தினமும் சாயங்காலம் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தான். பச்சைத்தழை. அது மட்டும்தான். அவள் சொன்ன பொடக்காளித் துளசியை நினைத்துப்பார்த்தான். தண்ணியில்லாமல் ஒன்றை வளர்ப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அவன் வம்சத்தில் தண்ணி காட்டாமல் விட்டவர்களைத்தான் ஊர் ஏசும்.

தைப் பொங்கலுக்கு மறுநாள் கருப்புசாமி வந்தார். மோர் வேண்டாம் என்றார். அதிலேயே தெரிந்துவிட்டது.

"புள்ளைக்கு ஒன்னுமில்லீங்களாம். அவ இந்த ஊட்டுக்குப் போலாம்னுதான் சொன்னாளாம். அத்தைக்காரிதான் ஒரே புடியா நின்னுட்டா. மொதத் தடவ ஏமாந்தது போதும்கறா. துளசியே வாசமில்லாம வளருதுன்னா அந்த ஊட்டுல என்னமோ ஒன்னு இருக்குதுங்கறா."

கந்தப்பன் புரை விழுந்த கண்ணால் தரகர் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"ஒன்னும் இல்லைங்கறதுதானய்யா எங்க பிரச்சன."

"புள்ள போலாம்னு சொல்லுச்சுங்களா?" என்று அருள் கேட்டான்.

"சொல்லுச்சாம். எத்தன சத்தமாச் சொல்லுச்சோ தெரியில. விடு மாப்ளே. பல்லடத்துப் பக்கம் ஒரு இடம் வருது, பாப்போம்."

அருள் தலையாட்டினான். போனை எடுத்துக்கொண்டுபோய் மோட்டார் ரூமில் ஆணியில் மாட்டினான்.

மாசியில் போர்வெல்லில் தண்ணீர் மட்டம் இறங்கும். வருஷா வருஷம் இறங்குவதுதான். அப்போது எந்த வால்வை முதலில் அடைப்பது என்று பண்ணையக்காரன் முடிவெடுக்க வேண்டும். தென்னையை அடைக்க முடியாது. தக்காளி காய்ப்பில் இருந்தது. அருள் அடுப்படிப் பாத்தியின் வால்வை அடைத்தான். கோபம் ஒன்றும் இல்லை. ஒறம்பரைக்கென்று வைத்தது, ஒறம்பரை வருவதாக இல்லை, அவ்வளவுதான்.

கொத்தமல்லி நாலு நாளில் கருகியது. புதினா அதற்கும் முன்னாலேயே. துளசி நின்றது. மேலே இருந்த பெரிய இலைகளெல்லாம் பழுத்து உதிர்ந்தன. புதிதாக வந்தவை நகத்தளவு, சுருண்டு, கருநீலமாக. தண்டு விறகு மாதிரி இறுகியது. கதிர் கதிராகப் பூத்தது, யாரும் கிள்ளவில்லை. அருள் அந்தப் பக்கம் உட்காருவதில்லை. கந்தப்பனும் துளசி எப்படியிருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டார். மறுபடியும் நாலு வரிக்கு வந்துவிட்டார்கள்.

பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கத்திக் காற்று விழுந்தால் ஓயாது. தென்னை மட்டைகள் பகலெல்லாம் உரசிக்கொண்டே இருக்கும், கதவு தானாகச் சாத்தித் தானாகத் திறக்கும். அப்படியொரு மத்தியானம். அருள் வெறும் உடம்போடு அடுப்படியில் உட்கார்ந்து ரசத்துக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். கந்தப்பன் உள்கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார்.

ஜன்னல் வழியாக வாசம் வந்தது. முதலில் லேசாக, கிராம்பைப் பல்லில் கடித்த மாதிரி. அப்புறம் காற்று ஒரு தரம் திரும்பி வீசியதும் அடுப்படி முழுக்க, கூடம் முழுக்க. காரமும் கசப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து, தலைக்குக் குளித்த யாரோ ஈரத்தோடு பக்கத்தில் கடந்துபோனது மாதிரி. அருள் கத்தியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான்.

"அருளு."

"சொல்லுங்கப்பா."

"ஆரோ வந்திருக்குறாங்களாட்ட இருக்குது."

"ஆருமில்லீங்கப்பா. காத்து."

"காத்துக்கு ஏதுடா வாசம்?"

"துளசிங்கப்பா."

 கந்தப்பன் மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார்.

"இல்லடா. ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்துரு."

அடுப்படி ஜன்னலிலிருந்தே கேட் தெரியும். கேட்டில் யாரும் இல்லை. தடத்தில் புழுதி, அதற்கப்பால் பனைமரம், அதற்கப்பால் தார் ரோடு, ரோட்டிலும் யாரும் இல்லை. அருள் அதையெல்லாம் நன்றாகவே பார்த்தான். பிறகு கத்தியைக் கீழே வைத்தான். வெங்காயக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டி, பித்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, கேட்டை நோக்கி நடந்தான்.